நல்ல நாவல் எல்லைக்கு அந்தப் பக்கம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊர்களான பாறசாலை, இஞ்சிவிளை, உதியன்குளங்கரை வட்டாரத்தில் நாவல் சிபாரிசு செய்கிறவருக்கு ஒரே ஒரு விதி உண்டு. நல்ல நாவல் எப்போதும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் எழுதப்பட்டிருக்கும். எதிரே தமிழ் வாசகர் உட்கார்ந்தால் அவர் மலையாள நாவலைத் தூக்கிப் பேசுவார். மலையாள வாசகர் வந்தால் அதே மூச்சில் தமிழுக்குத் தாவிவிடுவார். இருவரும் ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டால் சற்றுத் திணறிவிட்டு ரஷ்யாவுக்குப் போய்விடுவார். அநேகமாக ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், இல்லையென்றால் பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தா. எதுவானாலும் ஊருக்கு அவர் ‘சார்’. தோளில் துணிப்பை. அதற்குள் இருக்கும் தமிழ்ப் புத்தகத்துக்கு மலையாளப் பத்திரிகையில் அட்டை போட்டிருப்பார், மலையாளப் புத்தகத்துக்குத் தமிழ்ப் பத்திரிகையில். “இப்போ என்ன வாசிக்கே?” என்பது அவருடைய வணக்கம். பதில் அவருக்குத் தேவையில்லை. நீங்கள் வாய் திறப்பதற்குள், தாம் முந்தாநாள் முடித்த நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் இருப்பார். அலட்டல் பேர்வழி, புளுகர், தேநீருக்கு ஆள் பிடிக்கிறவர் என்று அவருக்கு வாய்த்த பெயர்கள் எல்லாமே ஓரளவு உண்மைதான். ஆனாலும் இந்த இரண்டு மொழிகளுக்கு நடுவே புத்தகம் நகர்வதற்கு இவர் வகையறா செய்த வேலையை வேறு யாரும் செய்யவில்லை என்பது என் கட்சி.

அவர் மீது உள்ள முதல் புகார், கதையை முழுக்கச் சொல்லிவிடுகிறார் என்பது. முடிவைக்கூட விடமாட்டார். ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ பற்றி ஆரம்பித்தால், ரவி ஓராசிரியர் பள்ளி நடத்த வந்து இறங்குவதிலிருந்து கடைசியில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது பாம்பு தீண்டுவது வரை ஒரு சாயாவுக்குள் முடித்துவிடுவார். “பின்னே நான் எதுக்கு சாறே வாசிக்கணும்?” என்று கேட்டால், “நீ எங்கே வாசிக்கப் போறே? உனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டத் தெரியாதுல்லா” என்பார். புண்படுத்தும் பதில், ஆனால் சரியான பதில். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயின. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு விழுந்தது நிலத்தில் என்றாலும் பிரிந்தது பள்ளிக்கூடம்தான். இந்தப் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை மலையாளத்தில் பாடம் படித்தது. அந்தப் பக்கம் தாத்தா மலையாளம் எழுதுவார், பேரனுக்கு அது ஜாங்கிரி பிழிந்ததுபோலத் தெரியும். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் மலையாளப் பள்ளியில் படித்துவிட்டுத் தமிழில் நாவல் எழுதியவர். இந்த மண்ணின் நிலைமைக்கு அவரைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆக, இங்கே காதுக்கு இரண்டு மொழி, கண்ணுக்கு ஒன்று. எழுத்துத் தெரியாதவனுக்கு நாவலின் முடிவைச் சொல்வதில் என்ன குற்றம்? அவன் கைக்கு வேறெந்த வழியாகவும் அது வரப்போவதில்லை.

சார் வெறும் திண்ணைப் பேச்சாளர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்குப் பின்னால் ஒரு வாயனசாலை இருக்கிறது. 1945-இல் பி.என். பணிக்கர் நாற்பத்தேழு நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த இயக்கத்தின் குணம், ஊர்க்காரர்களே நூலகத்தை நடத்துவது. செயலாளர், தலைவர், கமிட்டி, பொதுக்கூட்டம், வாக்குவாதம் எல்லாம் உண்டு. எல்லை தாண்டினால் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கம் நடத்தும் கிளை நூலகம்; அங்கே புத்தகம் மேலிருந்து வரும். எந்த முறை மேல் என்று இங்கே வழக்காட வேண்டாம். சிபாரிசுக்காரர் செழித்து வளர்வது முதல் முறையில்தான் என்பது மட்டும் நிச்சயம். மானியப் பணம் வந்து புத்தகம் வாங்கக் கமிட்டி கூடும் நாள்தான் அவருக்கு ஓணம். எல்லோரும் போட்டித்தேர்வுப் புத்தகம் கேட்கும்போது, “ரெண்டே ரெண்டு தமிழ் நாவல்” என்று அவர் ஒரு சீட்டை நீட்டுவார். நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’, ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. “யார் எடுத்து வாசிப்பா?” என்று செயலாளர் கேட்பார். “நான்” என்பார். பதிவேட்டைப் புரட்டினால் அவர் சொன்ன சொல் தவறவில்லை என்பது தெரியும். அந்தப் புத்தகத்துக்கு நேரே அவர் கையெழுத்தைத் தவிர வேறு கையெழுத்து இருக்காது.

வாசித்தாரா என்பதுதான் அடுத்த புகார். எடுத்தார், சரி, முடித்தாரா? இதற்கு ஆவணச் சான்றே இருக்கிறது. பக்க அடையாளத்துக்கு அவர் பஸ் டிக்கெட்டைத்தான் செருகி வைப்பார். களியக்காவிளை வரை கேரள டிக்கெட், அதற்கு அப்பால் தமிழ்நாட்டு டிக்கெட். ஒரே பக்கத்தில் இரண்டு மாநிலத்து டிக்கெட்டும் கொத்தாகக் கிடந்தால், சார் பலமுறை எல்லை தாண்டியும் கதாநாயகன் ஓரடி நகரவில்லை என்று பொருள். ஆனால் முழுக்க வாசித்தவன்தான் சிபாரிசு செய்ய வேண்டும் என்றால், உலகத்தில் சிபாரிசே நடக்காது. அதற்கும் மேலே போய், இல்லாத புத்தகத்துக்கே ஆள் சேர்த்த வரலாறு தமிழில் உண்டு. 1981-இல் வந்த சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ ஒரு மலையாள எழுத்தாளனைப் பற்றியது. ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்த மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று, ஜே.ஜே. இறந்தான் என்று தேதியோடு சொல்லும் நாவல். அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை. இருந்தும் அந்த ஜோசஃப் ஜேம்ஸை நிஜ ஆள் என்று நம்பி, அவன் எழுதிய புத்தகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தவர்கள் உண்டு. அதற்காக அவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம்தான். ஆனால் நல்ல நாவல் பக்கத்து மொழியில்தான் இருக்கும் என்ற நம்பிக்கை தமிழ் வாசகனுக்குள் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது என்பதையும் அதில் பார்க்கலாம். அந்த நம்பிக்கைக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார்? கையில் புத்தகமே இல்லாமல் கண் கலங்கப் பேசத் தெரிந்த நம் சாரின் சாதிதான்.

ஆண்டுக் கணக்குகளை அவர் கையாளும் விதம் தனி ரசனைக்குரியது. மலையாளி எதிரே இருந்தால் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879, ‘இந்துலேகா’ 1889, பத்து வருஷம் பிந்தி என்பார். தமிழர் இருந்தால், சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ 1891, கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதத் தொடங்கியது 1950, இடையில் ஏறத்தாழ அறுபது வருஷம் என்பார். தமிழிலும் 1895-இலேயே ‘மோகனாங்கி’ என்ற சரித்திர நாவல் வந்துவிட்டது என்று எடுத்துக் காட்டினால், “அதுவும் நாலு வருஷம் பின்னாடியாக்கும்” என்று முடித்துவிடுவார். ‘மார்த்தாண்டவர்மா’ விஷயத்தில் மட்டும் அவருக்கு நடுநிலை கிடையாது. ராஜா ஒளிந்திருந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலாவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் இருக்கிறது. அந்த ராஜாவின் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் நிற்கிறது, அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. நாவலுக்குள்ளேயே சுந்தரய்யன் பேசும் பேச்சில் தமிழ் வழிகிறது. இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் ‘அந்தப் பக்கம்’ எது என்று சாருக்குச் சொல்லத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, அதை இரு சாராருக்கும் ஒரே குரலில் சிபாரிசு செய்கிறார்.

இனி என் கட்சிக்கு வலுவான ஆதாரம். சுந்தர ராமசாமி பதினெட்டு வயதுவாக்கில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். கற்ற கையோடு அவர் தமிழுக்குக் கொண்டுவந்தது தகழியின் ‘தோட்டியின் மகன்’, பிறகு ‘செம்மீன்’. நாகர்கோவில் இளைஞன் ஒருவன் மலையாளத்தில் ஒரு நாவலை வாசித்துவிட்டு, நண்பர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பேனாவை எடுத்ததாக நான் ஊகிப்பதில் தப்பில்லை. மொழிபெயர்ப்பு என்பது ஓயாத சிபாரிசுதான். குளச்சல் யூசுஃப் பஷீரையும், ‘திருடன் மணியன்பிள்ளை’யையும் தமிழாக்கினார், இரண்டாவதற்கு சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் வந்தது. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். விஜயனின் நாவலைத் தமிழாக்கிய யூமா வாசுகி பட்டுக்கோட்டைக்காரர். எம்.டி.யின் ‘இரண்டாம் இட’த்தைத் தந்த குறிஞ்சிவேலன் கடலூர்ப் பக்கம். சு.ரா.வின் நாவல்களை மலையாளத்துக்குக் கொண்டுபோன ஆற்றூர் ரவிவர்மா திருச்சூர்ப் பக்கம். எல்லைக்காரனுக்கு இதில் என்ன பங்கு? ஒத்துக்கொள்கிறேன், உட்கார்ந்து எழுதும் பொறுமை எல்லை ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. சொல்லப்போனால், இரண்டு மொழியும் நாக்கில் புரள்கிறவனுக்கு அந்த அவசரமே வருவதில்லை. தூரத்துக்காரன் பாடுபட்டுக் கற்ற மொழியை வீணாக்க மாட்டான். ஆனால் அச்சாகி வந்த மொழிபெயர்ப்பை, “நான் அப்பவே சொன்னேன்லா” என்று கையில் திணித்து ஊருக்குள் ஓடவிடுவதற்கு ஆள் வேண்டும். பரிசு வாங்கிய எத்தனையோ மொழிபெயர்ப்புகள் கட்டுப் பிரிக்காமல் கிடப்பது அந்த ஆள் இல்லாத ஊர்களில்தான்.

வினோதம் என்னவென்றால், மொழிபெயர்ப்பு வந்த அன்றைக்கே சார் அந்த நாவலைக் கைகழுவிவிடுவார். ‘கசாக்கின் இதிகாசம்’ தமிழில் கிடைக்கிறது என்றானதும் அவர் குரலில் ஒரு சோர்வு தட்டியது. “கொள்ளாம். எண்ணாலும் மலையாளத்திலே வாசிக்கணும்” என்பதோடு சரி. மறுபக்கம் ஜெயமோகனின் ‘நூறு நாற்காலிகள்’ மலையாளத்தில் ‘நூறு சிம்ஹாசனங்கள்’ என்று வந்து பரவலாக வாசிக்கப்பட்டபோது, மலையாளிகளிடம் காட்டிக்கொண்டிருந்த துருப்புச்சீட்டும் பறிபோனது. இளைஞர்கள் அந்தக் கதையை அவரிடமே சிபாரிசு செய்ய ஆரம்பித்தார்கள். அதை எந்தச் சிபாரிசுக்காரரால் தாங்க முடியும்? அடுத்த வாரமே துணிப்பையில் வேறொன்று இருந்தது, இன்னும் தமிழுக்கு வராத மலையாள நாவல், நானூறு பக்கம், இருபதாம் பக்கத்தில் களியக்காவிளை டிக்கெட். “ஒண்ணாந்தரம் நாவலாக்கும், கேட்டியா” என்று அதன் முடிவிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்.