துப்பாக்கி, கம்பி, தூரிகை

பறவையை வரையலாம் என்று உட்கார்ந்தால், பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் பறந்துவிடுகிறது. அசையாமல் ‘போஸ்’ கொடுக்கும் பறவை எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவில் ஆடுபானிடம் நிறைய இருந்தன, உயிர்தான் இல்லை! ஜான் ஜேம்ஸ் ஆடுபான் பறவையைச் சுட்டு, கம்பி செருகி, பறப்பதுபோல நிறுத்தி வைத்து வரைந்தவர். 1827 முதல் 1838 வரை வெளிவந்த அவருடைய ‘அமெரிக்கப் பறவைகள்’ தொகுப்பில் 435 படங்கள். எல்லாம் நிஜ அளவு. தாள் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் இருந்தும் பூநாரைக்குப் போதவில்லை. பாவம், கழுத்தை வளைத்துக் குனிந்து நிற்கிறது.

நம் பறவை பிழைத்துப் போகட்டும்.

அது சரி, தொகுப்பு ஏதும் போடாமல் சும்மா பொழுதுபோக்குக்கு வரைகிற படத்தை யார் சீந்துவார்கள்?

காளான் நிபுணர்கள்! ‘பீட்டர் ராபிட்’ முயலைப் படைத்த பீட்ரிக்ஸ் பாட்டர், அந்த முயல் புத்தகமாவதற்கு முன்பே காளான்களை நூற்றுக்கணக்கில் வரைந்து குவித்தவர். 1897இல் காளான் வித்துகள் பற்றிய அவருடைய கட்டுரை லண்டன் லின்னேயன் அறிவியல் சங்கத்துக்குப் போனது. அவர் போகவில்லை; அதன் கூட்டங்களில் அப்போது பெண்களுக்கு அனுமதி கிடையாது.

1943இல் பாட்டர் மறைந்தார். 1967இல் வெளியான பிரிட்டிஷ் காளான் கையேடு ஒன்றில் அவர் வரைந்த 59 படங்கள் இடம்பெற்றன.