காலில் கொழுப்பு

அஸ்டெக் பேரரசு 1521-இல் கவிழ்ந்தபோது, அதன் கடைசி அரசன் குவாவ்தெமோக்கைப் பிடித்த ஸ்பானியர்கள், தங்கம் எங்கே என்று கேட்டு அவன் பாதங்களை நெருப்பில் வாட்டினார்கள். 1973-இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அதே பெயரை வைத்தார்கள். சந்தைக்கும் குத்துச்சண்டைக்கும் பேர்போன தெபிதோ பேட்டையில் வளர்ந்த பிள்ளை. தங்கம் இவன் பாதத்தில்தான் இருந்தது. கூடவே நிறையக் கொழுப்பும்.

குவாவ்தெமோக் பிளாங்கோவைப் பார்த்தால் கால்பந்தாட்டக்காரர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். முதுகில் லேசான கூன். ஓட்டத்தில் அவசரம் என்பதே கிடையாது. ஆனாலும் கிளப் அமெரிக்காவின் (பெயர்தான் அப்படி, இருப்பது மெக்சிகோ நகரத்தில்) தாக்குதல் முழுக்க அவர் காலைச் சுற்றித்தான் நடந்தது.

1998 உலகக் கோப்பை, லியோன் நகரம், எதிரே தென்கொரியா. இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் அவரை ஓரங்கட்டி வழியை மறித்தார்கள். இவர் இரண்டு பாதங்களுக்கும் நடுவே பந்தை இடுக்கிக்கொண்டு, இருவருக்கும் இடையில் ஒரே துள்ளாகத் துள்ளி அந்தப் பக்கம் போய்விட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் செய்திருந்தால் டிரில் மாஸ்டர் காதைத் திருகியிருப்பார். உலகக் கோப்பையில் செய்ததால் ‘குவாவ்தெமீனா’ என்று பெயர் சூட்டினார்கள். மெக்சிகோ 3-1 என்று ஜெயித்தது.

2000-இல் ஸ்பெயினின் வல்லாதொலித் கிளப்புக்குப் போனார். அரசனின் பாதத்துக்குப் பழிவாங்கும் படலம் என்று நினைத்தால், டிரினிடாட் அணியுடன் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. படலம் ஒத்திவைக்கப்பட்டது.

கொழுப்புக்கு பில் வந்த கதைதான் சுவாரசியம். அட்லாஸ் அணிக்கு எதிராக ஒருமுறை கோல் அடித்தார். நேரே எதிரணிப் பயிற்சியாளர் ரிக்கார்டோ லா வோல்பே முன்னால் போய், தலையைக் கையில் தாங்கி, புல்தரையில் அனந்தசயனப் பெருமாளாகப் படுத்துக்கொண்டார். லா வோல்பே அர்ஜென்டினாக்காரர், ஞாபகசக்தி உள்ளவர். காலம் அவரை மெக்சிகோ தேசிய அணிக்கே பயிற்சியாளராக்கியது. 2005-இல் பிளாங்கோ கிளப் அமெரிக்காவோடு லீக் பட்டமே ஜெயித்திருந்தார். ஆனாலும் 2006 உலகக் கோப்பைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மெக்சிகோ இரண்டாம் சுற்றில், கூடுதல் நேரத்தில், 2-1 என்று தோற்று வீடு திரும்பியது. தோற்கடித்தது யார்? அர்ஜென்டினா!

37 வயதில், 2010 உலகக் கோப்பையில், போலக்வானே நகரில் பிரான்சுக்கு எதிராகப் பெனால்டி. பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே போனார். டீ குடிக்கப் போகிறாரோ என்று தோன்றும் தூரம். பிறகு அசைந்தாடி ஓடிவந்து அடித்தார், கோல். மூன்று உலகக் கோப்பைகளில் கோல் போட்ட முதல் மெக்சிகோக்காரர் ஆனார்.

இதற்கிடையில் டிவி சீரியல் ஒன்றில் தீயணைப்பு வீரராகவும் நடித்தார். அடுத்து அரசியல்தானே? குவர்னவாகா நகர மேயர். 2018-இல் மொரேலோஸ் மாநில கவர்னர் (அங்கே கவர்னரும் ஓட்டு வாங்கித்தான் வர வேண்டும்). கவர்னர் ஆனபின் எழுந்த புகார்கள் சிரிப்பதற்கானவை அல்ல. ஆகவே நான் மேயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மார்ச் 5, 2016. மேயருக்கு வயது 43. அஸ்டெக்கா மைதானத்தில் பிரிவுபசார ஆட்டம் என்றால் காட்சிப் போட்டி அல்ல, நிஜமான முதல் டிவிஷன் லீக் ஆட்டம். எதிரே மொரேலியா. முதுகில் 100 என்ற எண். முன்னால் தொப்பை. மறுபடியும் பந்தை இடுக்கித் துள்ளினார். ஒரு ஷாட் குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. கிளப் அமெரிக்கா 4-1 என்று ஜெயித்தது. சனிக்கிழமை என்பதால் மேயர் லீவு லெட்டர்கூட எழுத வேண்டியிருக்கவில்லை.