‘வேண்டாம்’ என்னும் அலகு: பெரம்பலூர் வட்டாரத்தை முன்வைத்து, போனோடு கூடவே வரும் உலாவிகளின் தரம் குறித்து ஓர் ஆய்வு

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம் “உங்கள் போனில் இருக்கும் உலாவி எது?” என்று கேட்டால் பதில் வராது. “நெட்டு எதுல பாப்பீங்க?” என்று கேள்வியை மாற்றினால் “கூகுள்லதான்” என்று உடனே வரும். கூகுள் என்பது தேடுபொறி, உலாவி வேறு என்று திருத்தப் போனால், எதிரே நிற்பவர் துறையூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவார். இந்த அறியாமையை இக்கட்டுரை குறையாகக் கொள்ளவில்லை. முதல் சான்றாகவே கொள்கிறது. காலை முதல் இரவு வரை கையாளும் ஒரு கருவியின் பெயரே தெரியாமல் ஒருவர் நிம்மதியாக வாழ முடிகிறதென்றால், அந்தக் கருவி ஏதோ ஒரு வகையில் நன்றாகத்தான் இருக்க வேண்டும். அது எந்த வகை, எங்கே அந்த நன்மை முடிகிறது என்பதே நம் கேள்வி. இதுவரை இத்துறையில் உழைத்தவர்கள் உலாவியின் தரத்தை வேகத்தால் அளந்தார்கள். ‘வேண்டாம்’ என்ற சொல்லால்தான் அதை அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

துணிபை நிறுவ முதலில் மண்ணைத் தோண்ட வேண்டும். தோண்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான வட்டாரம் கிடையாது. ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் எழுதிய நிலவியல் அறிக்கையிலிருந்து இன்றுவரை, ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று இப்பகுதியின் பாறைகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் படிப்பது அறிஞர் வழக்கம். சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் படுத்திருக்கிறது, நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்கு அறிவித்தார். உலாவிக்குள்ளும் இப்படி ஓர் அடுக்கு வரிசை உண்டு. ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் உலாவி தன்னை அறிமுகப்படுத்தி ஒரு வரி சொல்லும். ஆண்ட்ராய்டு போனிலுள்ள குரோம் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘மொசில்லா 5.0, ஆண்ட்ராய்டு 10, கே, ஆப்பிள்வெப்கிட் 537.36, கேஎச்டிஎம்எல், கெக்கோ மாதிரி, குரோம், சஃபாரி 537.36.’ கலியாண வீட்டு வாசலில் “நான் இன்னார் மகன், இன்னார் பேரன், இன்னாருக்கு மாப்பிள்ளை முறை” என்று சொல்லிப் பந்திக்குள் நுழைபவரின் குரல் இது.

அடுக்குகளைக் கீழிருந்து படிப்போம். 1994-இல் வந்த நெட்ஸ்கேப் உலாவியின் உள்பெயர் மொசில்லா. அந்தப் பெயரைச் சொன்னவருக்கே அன்றைய தளங்கள் நல்ல பக்கத்தைக் கொடுத்ததால், மைக்ரோசாஃப்டும் தன் உலாவியை ‘மொசில்லா’ என்று சொல்லவைத்தது. கேஎச்டிஎம்எல் என்பது கேடிஇ என்னும் கட்டற்ற மென்பொருள் குழுவின் தன்னார்வலர்கள் எழுதிய இயந்திரம். வாசலில் தடுக்காமல் இருக்க, அது மொசில்லாவின் இயந்திரப் பெயரை இழுத்து ‘கெக்கோ மாதிரி’ என்று சேர்த்துக்கொண்டது. அதை எடுத்து ஆப்பிள் வெப்கிட்டாக வளர்த்து 2003-இல் சஃபாரியை அறிவித்தது. 2008-இல் வந்த குரோம் வெப்கிட்டையும் சஃபாரியின் பெயரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. 2013-இல் கூகுள் பிளிங்க் என்று தனிக்குடித்தனம் போனது. பிரிந்த காலத்து எண்ணான 537.36 அப்படியே கல்லாகிவிட்டது. போதாக்குறைக்கு இப்போதெல்லாம், தனியுரிமையைக் காப்பதற்காக, எந்த போனாக இருந்தாலும் குரோம் ‘ஆண்ட்ராய்டு 10, கே’ என்றே சொல்கிறது. நேற்று வாங்கிய போனும் நாலு வருஷத்துப் போனும் வாசலில் ஒரே ஆளாக நிற்கின்றன. இதிலிருந்து பெறப்படும் முதல் முடிவு: சாம்சங் இன்டர்நெட், எட்ஜ், ஓப்பரா என்று பல பெயர்களில் பொட்டலம் கட்டி வந்தாலும் உள்ளே ஓடுவது குரோமின் அடித்தளமான ஒரே குரோமிய இயந்திரம், ஐபோன் சஃபாரியும் அதே கேஎச்டிஎம்எல் வமிசம். பங்காளிகளுக்குள் எவன் உயர்ந்தவன் என்று கேட்பது குடும்பச் சண்டையை வளர்க்குமே தவிர, தரத்தைக் காட்டாது.

இவ்விடத்தில் முதல் மறுப்பு எழும்: இயந்திரம் ஒன்றென்றாலும் வேகம் வேறுபடுமே? வேறுபடும், ஆனால் அந்த வேறுபாடு நம் வட்டாரத்தின் முக்கியமான நாட்களில் யாருக்கும் தென்பட்டதில்லை. 2023-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் பெரம்பலூர் மாவட்டம் 97.67 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2024-இல் அரியலூர் 97.31 விழுக்காட்டுடன் அந்த இடத்தைப் பிடித்தது. முடிவு வெளியாகும் காலையில் மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே தளத்தைத் தட்டும்போது, போனில் சுற்றும் வட்டம் சர்வரின் திணறலால் சுற்றுவது. பதினைந்தாயிரம் ரூபாய் போனிலும் ஐம்பதாயிரம் ரூபாய் போனிலும் அது ஒரே பொறுமையோடு சுற்றும். எனவே வேகம் என்ற அளவுகோலை ஓரமாக வைக்கலாம்.

இரண்டாம் மறுப்பு கனமானது: போனோடு வந்ததைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், மாற்றாதது மக்களின் சோம்பல். வரலாறு இதை ஏற்கவில்லை. ஆண்ட்ராய்டின் தொடக்கக் காலத்தில், பூகோள உருண்டைப் படம் போட்ட கூடவே வந்த உலாவியில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அப்போது மக்கள் சும்மா இருக்கவில்லை. ஓப்பரா மினியை இறக்கி, முகவரி இடத்தில் அதன் அமைப்புப் பக்கத்தின் பெயரை அடித்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற வரிக்கு ‘ஆம்’ கொடுத்துத் தமிழ் படித்தார்கள். டேட்டாவைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்த நாட்களில், மிச்சம் பிடிக்க யுசி பிரவுசருக்குப் போனார்கள். 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளோடு யுசியும் போனது. காரணம் இருந்தபோது மாறியவர்கள், காரணம் தீர்ந்ததும் நின்றுவிட்டார்கள். இன்றைக்கு யாரும் மாற்றவில்லை என்பது, பக்கத்தைத் திறக்கும் வேலையில் கூடவே வந்தது தேறிவிட்டது என்பதற்கான சான்று. சோம்பலுக்கு அது சான்றாகாது.

அப்படியானால் குறை எங்கே? ஒரு காட்சியை அருகில் வைத்துப் பார்ப்போம். செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் போட்ட விவசாயி ஒருவர் பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா எடுக்க வேண்டும். கடைசித் தேதி நெருங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் மருமகன் அனுப்பிய லிங்க்கைத் தொடுகிறார். திரையின் கீழிருந்து ஒரு பலகை எழுகிறது: எதில் திறக்க? போன் கம்பெனியின் உலாவி ஒன்று, குரோம் ஒன்று. அடியில் ‘ஒருமுறை மட்டும்’, ‘எப்போதும்’ என்று இரண்டு பொத்தான்கள். வெங்காயத் தாள் ஒட்டிய கட்டைவிரல் எதில் பட்டதோ அதுவே முடிவு. ‘எப்போதும்’ என்பதில் பட்டுவிட்டால் சாத்தனூர் மரத்தின் கதைதான்: அந்த மரம் கல்லாக வேண்டும் என்று விரும்பவில்லை, விழுந்த இடத்தில் வண்டல் மூடியது, அவ்வளவே. கல்லாவதற்கு அங்கே நெடுங்காலம் ஆயிற்று. இங்கே அரை நொடி போதும்.

இனித்தான் பயணம். தமிழில் உலாவியின் பண்டைய இலக்கணம் உலா என்னும் சிற்றிலக்கியம். கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த பிற்காலச் சோழர் மூவர் மேல் ஒட்டக்கூத்தர் மூவருலா பாடினார் என்பது அரியலூர் மாவட்டத்துக்கே உரிய பெருமை. உலாவில் அரசன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிர் கண்டு மயங்குவார்கள். நம் விவசாயியின் பவனியிலும் எழுவர் உண்டு. குக்கீயை ஏற்கிறீரா என்று கேட்பது பேதை. கேட்பது என்னவென்று அதற்கே தெரியாது. இருக்கும் இடத்தைச் சொல்லலாமா என்பது பெதும்பை. அறிவிப்பு அனுப்பட்டுமா என்பது மங்கை. ஆப்பிலேயே திறவுங்களேன் என்பது மடந்தை. கடவுச்சொல்லைச் சேமித்து வைக்கவா என்பது அரிவை. பக்கத்தை மொழிபெயர்க்கட்டுமா என்பது தெரிவை. என்னையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைசியில் வழிமறிப்பது பேரிளம்பெண். உலாவுக்கும் உலாவிக்கும் வேற்றுமை ஒன்றே: அங்கே மகளிர் ஏங்க, அரசன் நிற்காமல் போவான், இங்கே எழுவருக்கும் விடை சொல்லாமல் தேர் ஓர் அங்குலம் நகராது. சிட்டா கண்ணில் படும்வரை எத்தனை முறை ‘வேண்டாம்’ சொல்ல நேர்கிறதோ, அந்த எண்ணே அந்த உலாவியின் தரம். எண் சிறியதாக இருந்தால் தரம் உயர்ந்தது, பூச்சியமானால் முக்தி.

எழுவரில் சிலர் தளத்தின் ஆட்கள், உலாவி மேல் பழி போடலாமா என்று கேட்பது நியாயம். குக்கீயும் ஆப்பும் தளத்தின் வேலைதான்; அவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். இருப்பிடமும் அறிவிப்பும் தளம் கேட்பவை என்றாலும் உலாவியின் வாசல் வழியாகத்தான் வருகின்றன. காவல்காரனுக்குப் பாதிப் பொறுப்பு உண்டு. கடைசி மூவர் உலாவியின் சொந்தப் பிள்ளைகள். புதிய பக்கம் திறந்ததும், கேட்காமலே பாத்தி கட்டி நிற்கும் சினிமாச் செய்திகளையும் அவர்களோடு சேர்க்க வேண்டும். ஒரே இயந்திரம் ஓடும் உலாவிகளுக்குள் நிஜமான வேறுபாடு இந்த மேல்பூச்சில்தான் இருக்கிறது. ஸோஹோ நிறுவனத்தின், தமிழ்ப் பெயர் பூண்ட உலாவியான ‘உலா’, 2023-இல் வெளிவந்து, மத்திய அரசு நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025-இல் முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. அதற்குள்ளும் குரோமியமே ஓடுகிறது. பரிசு வாங்கிய பிறகும், அது ஒருவர் தேடிப் போய் இறக்கிக்கொள்ள வேண்டிய உலாவிதான். கூடவே வருவது அல்ல.

கூடவே வருவது எப்படிக் கூடவே வருகிறது என்பதில்தான் விஷயம் முடிகிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20-இல் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் குரோம் உள்ளிட்ட முழு மூட்டையையும் போனில் ஏற்ற வேண்டும் என்ற நிபந்தனை அதில் ஒரு குற்றச்சாட்டு. 2023 ஜனவரியில் கூகுள் தன் நிபந்தனையைத் தளர்த்தி, தேடுபொறியைப் பயனரே தேர்ந்தெடுக்கும் திரை வரும் என்றது. உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரை 2024 மார்ச் முதல் ஐரோப்பாவில் வந்தது, செட்டிகுளத்துக்கு வரவில்லை. தேர்ந்தெடுக்க வழியில்லாத நிலை நமக்குப் புதிதல்ல: பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையம் இல்லை. ரயிலேற அரியலூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். ஆகவே இங்கே பஸ்ஸின் தரத்தை யாரும் ரயிலோடு ஒப்பிடுவதில்லை. வந்ததா, உட்கார இடம் கிடைத்ததா, இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தினானா என்று மூன்று கேள்விதான். கூடவே வரும் உலாவிக்கும் இதே மூன்று கேள்வி போதும். முதல் இரண்டில் அது தேறிவிட்டது. மூன்றாவதில், இறங்க எழுந்தவரை ஏழு பேர் மடக்குகிறார்கள்.

எனவே இக்கட்டுரையின் பரிந்துரை எளியது, உள்ளூரிலேயே முன்மாதிரி உள்ளது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும் திறக்கிறது. ஊரே அதற்கேற்பத் தன் வாரத்தை அமைத்துக்கொண்டது; செவ்வாய்க்கிழமை போய் நின்று யாரும் குறைபடுவதில்லை. உலாவியும் தன் கேள்விகளை அந்த இரண்டு நாளில் கேட்டு முடித்துக்கொண்டு, மீதி ஐந்து நாளும் சொன்ன பக்கத்தைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்குமானால், இந்த ஆய்வுக்கு அவசியமே இருக்காது. பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதி எந்தக் கிழமையில் விழும் என்பதை மட்டும் விவசாயி பார்த்துக்கொண்டால் போதும்.