புத்தூர்க் கட்டு

இன்று காலை ஏழரை மணிக்கு, கம்பெனியிலேயே முன் ஷாக் அப்சார்பர் வைத்து விற்கிற கியர் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பொடியன் ஒருவன், எங்கள் தெருமுனை வேகத்தடையை அலட்சியமாகத் தாண்டிவிட்டு, அதன் இக்கரையில் இறங்கித் தள்ளிக்கொண்டு நின்ற என் வாகனத்தின் முன் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா, சைக்கிளுக்குப் புத்தூர்க் கட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் காப்பிகூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வேகத்தடை. பதினைந்து நாளைக்கு முன், ஊர் அடங்கிய பிறகு, யாரோ அதைப் பிரதிஷ்டை செய்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அதைக் கடந்தவர்கள் எல்லோரும், ஆஸ்திக நாஸ்திக பேதமின்றி, கடவுளை வாய்விட்டுக் கூப்பிட்டார்கள். நான் கூப்பிட வாய் திறந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, ஆமை முதுகைப் போல் வளைந்து, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் சங்கடமின்றிக் கடக்கும்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் தெருமுனையில் இருப்பதோ, ஒரு முழ அகலத்தில், யாரையோ அவசரமாகப் புதைத்துவிட்டு ஓடியது போன்ற ஒரு மேடு. என் வாகனம் பின் சக்கரத்தில் 250 வாட் மோட்டார் பொருத்திய பழைய கறுப்பு சைக்கிள். தலைகீழாக நின்றாலும் 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது. போகாது என்பதனாலேயே அதற்கு லைசென்ஸும் வேண்டாம். வேகமாகப் போகிற கார்க்காரனுக்கு நான்கு சக்கரத்திலும் ஸ்பிரிங் இருக்கிறது. அவன் மெத்தையில் சாய்ந்தபடி தாண்டிவிடுகிறான். வேகமே அறியாத எனக்கு வேகத்தடை! மணிக்கட்டு இரண்டும் வீங்கிக் கிடக்க, தைலம் தேய்த்துக்கொண்டே இந்த நியாயத்தை யோசிக்க யோசிக்க வயிறு எரிகிறது.

ஆகவே முன் சக்கரத்துக்கு நானே ஒரு சஸ்பென்ஷன் சிருஷ்டிப்பது என்று சங்கல்பம் செய்துகொண்டேன். "ரெடிமேட் போர்க்கே கிடைக்குது சார், அரை மணி நேரத்துல மாட்டிடலாம்" என்றான் சைக்கிள் கடைக்காரன். கிடைக்கிற பொருளைக் காசு கொடுத்து வாங்குவதில் என்ன புருஷார்த்தம் இருக்கிறது? பரணில் இருக்கும் பழைய பிஸ்கட் டின் என்னத்துக்கு? அந்த டின்னைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்கள் பரணிலும் அது இருக்கிறது. என்னுடையதில் எந்த வாகனத்திலிருந்து கழன்றது என்று இன்றுவரை தெரியாத ஒரு பித்தளை புஷ் இருக்கிறது. இருபது வருஷமாக அதற்கு ஒரு வாகனம் வரும் என்று காத்திருக்கிறேன்.

இல்லாதது ஸ்பிரிங் ஒன்றுதான். ஸ்பிரிங் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டவன் கண்ணுக்கு அகில உலகமும் ஸ்பிரிங் மயமாகக் காட்சியளிக்கிறது. பேனாவுக்குள் ஒன்று, டார்ச் விளக்கின் பின்மூடியில் ஒன்று, துணிக் கிளிப்பில் ஒன்று, எலிப்பொறியில் ஒன்று, குடையில் ஒன்று. இத்தனை நாளாக இவை எல்லாம் நம்மைச் சுற்றிச் சுருண்டு கிடந்தும் நாம் கவனிக்காமலேயே ஜீவித்திருக்கிறோமே என்று ஆச்சரியமாக இருந்தது. என் சைக்கிள் ஆசனத்துக்கு அடியிலேயே இரண்டு தடித்த ஸ்பிரிங்குகள் உண்டு; ஆனால் அவை என் பின்புறத்தின் க்ஷேமத்தை மட்டும் கவனிக்க நியமிக்கப்பட்டவை, மணிக்கட்டின் இலாகாவில் தலையிடமாட்டா. எந்த வீட்டுக்குப் போனாலும் சோபாவில் உட்காரும் முன் கையால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அவர்கள் மூட்டைப்பூச்சிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். இரும்பு ஷட்டர் தூக்கும் கடைகளில் வேண்டாத சாமான்களை எல்லாம் வாங்கினேன். துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டில், கொசுவலைக் கதவு தானாகச் சாத்திக்கொண்ட லாகவத்தில் மனம் பறிகொடுத்து, "இந்த ஸ்பிரிங் எங்கே வாங்கியது?" என்று கேட்டே விட்டேன். மூத்த மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாதான் சார் வாங்கினாரு" என்று மறுபடியும் அழ ஆரம்பித்தான். காயலான் கடையில் மூன்று மத்தியானங்கள் கழித்தேன். லாரி ஸ்பிரிங் இருந்தது. லாரி இருந்தால் உபயோகப்படும். கடைசியில், தேடிய பொருள் வீட்டுப் பரணிலேயே, பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, டின்னுக்குப் பின்னால் இருந்தது: தூளி ஸ்பிரிங்! பேரனுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று என ஆக இரண்டு. சக்கரத்துக்கு இருபுறமும் கணக்காக.

தூளி ஸ்பிரிங் இழுபடும் ஜாதி, அமுங்கும் ஜாதி அல்ல என்பதை லேத்துப் பட்டறையில்தான் உணர்ந்தேன். அதற்கும் ஒரு யுக்தி செய்தோம். போர்க்கு நுனியில் இருபுறமும் ஏற்றம் போல் ஒரு இரும்புப் பட்டையை நடுவில் அச்சு வைத்துத் தொங்கவிட்டு, அதன் முன் முனையில் சக்கரத்தையும், பின் முனையிலிருந்து மேலே ஹேண்டில் கழுத்து வரை ஸ்பிரிங்கையும் மாட்டினோம்; மேட்டில் சக்கரம் மேலே ஏறினால் பின் முனை கீழே இறங்கி ஸ்பிரிங்கை இழுக்கும். அச்சில் அந்தப் பித்தளை புஷ் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. அடுத்த பக்கத்துக்குத்தான் இன்னொரு புஷ் இல்லை.

பத்துக் கிலோ குழந்தைக்கு ஏற்பட்ட ஸ்பிரிங்கின் மேல் நான் ஏறி உட்கார்ந்ததும் அது நீண்டுகொண்டே போயிற்று. தோள் கொடுக்க ரப்பர் கட்டினேன். இதைப் பார்த்து நகைப்பவர்கள், இரண்டாம் உலக யுத்தத்தில் விமானத்திலிருந்து சிப்பாய்களோடு இறக்குவதற்கென்று ராயல் என்ஃபீல்டு செய்த 'ஃபிளையிங் ஃப்ளீ' என்ற குட்டி மோட்டார் சைக்கிளின் முன் போர்க்கில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையங்களே இருந்தன என்பதை அறிய வேண்டும். நான் கட்டியது பழைய ஸ்கூட்டர் டியூபைக் கிழித்த நாடாக்கள். பொடியன் புத்தூர்க் கட்டு என்றது அதைத்தான்.

முதல் சவாரியில் வேகத்தடை இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் அதைத் தாண்டிய பிறகும் ஸ்பிரிங் ஓய்வதாக இல்லை; அடக்கி நிறுத்த எண்ணெய்க் குழாய் எதுவும் இல்லாததால், இருபது கஜ தூரம் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் ஆமாம் சாமி போட்டுக்கொண்டே போனேன். அதுகூடப் பரவாயில்லை, மரியாதைதானே. என் சைக்கிளில் இருப்பதோ பழங்காலத்துக் கம்பி பிரேக். ரிம்முக்கு உட்புறமாக நின்று மேலே இழுத்துப் பிடிக்கும் ஜாதி. சக்கரம் மேலும் கீழும் போக ஆரம்பித்ததும், பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ரிம் பிரேக் கட்டையில் போய் உட்கார்ந்து நான் கேட்காமலே பிரேக் பிடித்தது. மேட்டில் சக்கரம் எழும்பினால் ரிம் விலகி, கெஞ்சினாலும் பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு அச்சு இரண்டு அங்குலம் முன்னே தள்ளிப் போனதால் ஹேண்டில் ஸ்திரம் இழந்து, குடித்தவன் போல் இருபுறமும் விசாரித்துக்கொண்டே வந்தது. அதனால்தான் வேகத்தடை வந்தால் இப்போது இறங்கித் தள்ளுகிறேன். வேகத்தடை கட்டியவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சைக்கிள் குலுக்கலுக்குத் தாமே பரிகாரம் தேடியவர்களில் நான் முதல்வன் அல்ல. 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற டன்லப், பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை வைத்தியர். அவர் அதைச் செய்தது தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக. அவர் பிள்ளைக்குச் செய்தார். நான் பிள்ளையிடமிருந்து எடுத்தேன். இந்த வித்தியாசம் என் சகதர்மிணிக்கு நேற்றுத்தான் தெரியவந்தது. பெண் இரண்டாம் பிரசவம் முடிந்து வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை குழந்தையைத் தூளியில் போட வேண்டும்.

சற்று முன் ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிக் கிரீஸைத் துடைத்துச் சகதர்மிணியிடம் கொடுத்தேன். கூடத்துக் கொக்கியில் மாட்டி, புடவையைக் கட்டி, ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்துப் பார்த்தாள். தூளி மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டது. அவள் பையையும் பார்த்து என்னையும் பார்த்தாள்.

"ரப்பர் கட்டிப் பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன். இன்னும் காப்பி வரவில்லை.