பதின்மூன்றில் சிக்கிய பின்கோடு

கேள்வி: எங்கள் பின்கோடு 625001 எதாலும் வகுபடாது, அது பகா எண்தான் என்று அடித்துச் சொல்கிறான் ஒன்பதாவது படிக்கும் என் மகன். சரியா? (மேலமாசி வீதி)

பதில்: 11 வரை வகுத்துப் பார்த்துவிட்டு விளையாடப் போயிருப்பான். அடுத்த படியிலேயே 13 காத்திருக்கிறது: 625001 = 13 × 131 × 367. அவனைத் திட்டாதீர்கள். ஒன்றில் முடிகிற எண் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். வீட்டில் மொய் எழுதிய செய்முறை நோட்டைப் புரட்டுங்கள். 501 மூன்றால் வகுபடும். 1001 என்பது 7 × 11 × 13. அசல் பகா எண் செய்தவர் 101 ரூபாய் மாமாதான். இனி அவரைக் கஞ்சன் என்று பேசாதீர்கள்.

கேள்வி: இருப்பதிலேயே பெரிய பகா எண் எது? (உசிலம்பட்டி)

பதில்: அப்படி ஒன்று கிடையாது. அவற்றுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் எப்போதோ நிரூபித்துவிட்டார். பிடிபட்டதில் பெரியது, 2024 அக்டோபரில் அமெரிக்காவின் லூக் டூரண்ட் கண்டுபிடித்தது. 136279841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். சித்திரை முதல் நாள் ஆரம்பித்து, விநாடிக்கு ஓர் இலக்கமாக ராப்பகல் வாசித்தால், அடுத்த சித்திரையும் போய் ஆடிப் பதினெட்டு வாக்கில் முடிப்பீர்கள். முதல் இலக்கம் 8, கடைசி 1. நடுவில் உள்ளதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய எண்ணை எதெதால் வகுத்துப் பார்த்தார்கள்? (மேலூர்)

பதில்: அப்படி ஒவ்வொன்றாக வகுத்தால் விடியாது. அதற்கு லூகாஸ்–லேமர் சோதனை இருக்கிறது. சின்னதாக 31-ஐ எடுப்போம்; ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து இரண்டைக் கழித்தால் 14. திரும்பவும் அதையே செய்தால் 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. இன்னொரு தடவை செய்தால் 62, மீதி பூஜ்யம். பூஜ்யம் வந்துவிட்டால் பகா எண், சந்தேகமே வேண்டாம். ஐந்துக்கு மூன்று சுற்று என்றால் நம் பெரியவருக்கு 136279839 சுற்று! டப்ளினில் இருந்த ஒரு சிப் முதலில் மோப்பம் பிடித்தது. டெக்சாஸில் இருந்த இன்னொன்று இந்தச் சோதனையை நடத்தி உறுதி செய்தது.

கேள்வி: எண்களோடு மல்லுக்கட்டிய ஆள் நம் பக்கத்தில் உண்டா? (அலங்காநல்லூர்)

பதில்: குற்றாலத்தை ஒட்டிய வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ்.எஸ்.பிள்ளை. அடுத்தடுத்த எண்கள் 16 வரை எடுத்தால், ஒன்றாவது மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாமல் ஒதுங்கி நிற்கும் என்று காட்டினார். 17 எடுத்தால் உத்தரவாதம் இல்லை. 2184 முதல் 2200 வரை போட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் அந்தக் கூட்டத்திலேயே ஒரு சம்பந்தியாவது உண்டு. 1950-இல் ஹார்வர்ட் மாநாட்டுக்குப் போகும் வழியில், எகிப்தில் நடந்த விமான விபத்தில் இறந்தார். ராமானுஜனைக் கொண்டாடுகிற நாம் இவர் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கேள்வி: டூரண்டுக்கு என்ன லாபம்? (வாடிப்பட்டி)

பதில்: வங்கிகளின் ரகசியப் பூட்டுக்கு முந்நூற்றுச் சொச்சம் இலக்கமுள்ள பகா எண்களே போதும், இது அதற்கும் ஆகாது. பரிசு 3,000 டாலர். அதையும் தான் படித்த அலபாமா பள்ளிக்கே கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். கரண்ட் பில் தனி.