பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி காலத்து நாற்காலிகள்

நாற்காலி முழுக்கத் தங்கமா?

உள்ளே பெரும்பாலும் பீச் மரம். தங்கம் மேலே ஒட்டிய மெல்லிய தாள்தான். செதுக்கிய மரத்தில் சுண்ணமும் பசையும் கலந்த பூச்சு பல அடுக்காக ஏறும். அதில் செதுக்கல் மழுங்கிவிடும் என்பதால், காய்ந்த பூச்சின் மேலேயே மறுபடி நுணுக்கமாகச் செதுக்குவார்கள். பிறகு செங்களிமண், தங்கத்தாள், அகேட் கல்லால் மெருகு. அழகில் பாதி அந்த இரண்டாவது செதுக்கலில் இருக்கிறது.

உட்காரும் இடத்தில் அம்பறாத்தூணி எதற்கு? போருக்கா?

காதலுக்கு! அம்பு கியூபிட்டுடையது, புறாவும் தீப்பந்தமும் அதே கட்சி. லாரல் இலை வெற்றிக்கு, லைர் யாழ் அப்பல்லோவுக்கு. புதையுண்ட ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பெயியில் 1748இலும் அகழாய்வு தொடங்கியபின் பழைய ரோம் மீது மோகம் பிறந்தது. வளைந்த கால்கள் போய், தூண்களைப் போல வரிப்பள்ளம் கொண்ட நேர்க்கால்கள் வந்தன.

அரசி மரி அந்துவானெத்தின் நாற்காலியில் மகுடம்தானே?

கோதுமைக் கதிர்! பெத்தி திரியானோன் மாளிகையின் படுக்கையறைக்காக 1787இல் நாற்காலிக் கலைஞர் ஜார்ஜ் ஜாக்கோப் செய்தவற்றில் கதிரும் பூவும் இயற்கை வண்ணத்திலேயே தீட்டப்பட்டன. அரசியின் நாற்காலியில் கோதுமை ஏறிய இரண்டே ஆண்டில், 1789 அக்டோபரில், ரொட்டி கேட்டுப் பாரிஸ் பெண்கள் அரண்மனை இருந்த வெர்சாய்க்கு நடந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் ஜாக்கோப் தப்பினார், புரட்சி அரசின் தேசிய மாமன்றத்துக்கும் அவரே இருக்கைகள் செய்தார்.