கேள்வி எழவில்லை

ஜனநாயகத்தில் பிரஜைகளுக்கு எத்தனையோ உரிமைகள் உண்டு என்று புஸ்தகங்கள் சொல்லுகின்றன, ஆனால் மந்திரி ஒருவரை எழுந்து நிற்கச் செய்து, "இது உண்மையா, உண்மையானால் விவரம் என்ன, இல்லையானால் காரணம் என்ன?" என்று முகத்துக்கு நேரே கேட்கிற பாக்கியம் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது, அதுவும் லோக்சபை கூடுகிற நாட்களில் காலை 11 மணியிலிருந்து 12 மணி வரையில்தான். அந்த ஒரு மணி நேரத்தில் கேட்கப்படும் கேள்விகளைப் பத்திரிகைகள் பத்தி பத்தியாகப் போற்றுகின்றன. பதில்களைப் போற்றுவார் இல்லை. மத்திய சர்க்கார் இலாகா ஒன்றில் நெடுங்காலம் உதவியாளனாக உட்கார்ந்து, மந்திரிகளின் திருவாயிலிருந்து பின்னால் உதிரவிருந்த மொழிகளை முன்னாலேயே நகல் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில், அந்தக் குறையைத் தீர்த்துவைக்க எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் கேள்வி கேட்கிறவர்களின் பரிதாபத்தைச் சொல்லவேண்டும். லோக்சபையின் நடைமுறை விதிகளில் 41-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. அதன்படி, கேள்வியானது சாதாரணமாக 150 வார்த்தைகளுக்கு மேல் நீளக்கூடாது. அதில் வாதம், அனுமானம், அடைமொழி, அவதூறு, கிண்டல் ஆகிய எதுவும் தலைகாட்டக்கூடாது. மந்திரியின் அபிப்பிராயத்தைக் கேட்கக்கூடாது. அற்ப விஷயங்களைக் கேட்கக்கூடாது. ஒரு பதிலுக்குள் அடங்காத பெரிய கொள்கை விஷயங்களையும் கேட்கக்கூடாது. இப்படிச் சிறியதையும் பெரியதையும் கழித்தபின் மிஞ்சுகிற நடுத்தரக் கேள்வியை 15 நாளைக்கு முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டு, சீட்டுக் குலுக்கலில் தம் பெயர் வருகிறதா என்று அங்கத்தினர் காத்திருக்கவேண்டும். விதிகளை இயற்றிய பெரியோர்கள் இவ்வளவு கவலையையும் கேள்விக்கே செலவிட்டுவிட்டபடியால், பதில் எப்படி இருக்கவேண்டும் என்று யோசிக்க அவர்களுக்கு அவகாசம் இல்லாமல் போயிற்று போலும். கேள்விக்கு விலக்கப்பட்ட கிண்டல், வாதம், அனுமானம், வார்த்தைப் பெருக்கம் எல்லாம் பதிலில் தங்குதடையின்றிக் குடியேறியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

கேள்விகளில் நட்சத்திரக் குறி உள்ளவை, இல்லாதவை என்று இரண்டு ஜாதி பிரதானம். நட்சத்திரக் கேள்விகள் இப்போது நாளொன்றுக்கு 20. பட்டியலைப் பச்சைக் காகிதத்தில் அச்சிடுவார்கள். இவற்றுக்கு மந்திரி வாய்விட்டுப் பதில் சொல்லவேண்டும், உபகேள்விகளும் உண்டு. நட்சத்திரம் இல்லாதவை 230. அவற்றுக்கு எழுத்தில் பதில் கொடுத்தால் போதும். இருபதில் ஏழெட்டுக்குள் மணி பன்னிரண்டு அடித்துவிடுவது வழக்கம். ஆகையால் 2-ஆவது கேள்வி தம்முடையது என்று கண்ட மந்திரி முதல் நாள் இரவே தூக்கம் இழப்பார். 19-ஆவது வாய்த்தவரோ முகத்தில் அருள் சுரக்கச் சபைக்கு வந்து, சக மந்திரி படும் அவஸ்தையைத் தத்துவஞானியின் நிதானத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பதில்கள் உற்பத்தியாகும் விதத்தைச் சொல்ல ஓர் உதாரணம் போதும். எங்கள் செக்‌ஷனுக்கு ஒரு மார்கழி மாதத்துச் சாயங்காலம், மணி ஐந்தாக ஐந்து நிமிஷம் இருக்கையில், ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. (பார்லிமெண்டு கேள்விகள் அந்த முகூர்த்தத்தில்தான் வரும், மத்தியானத்தில் வந்த கேள்வியை நான் கண்டதில்லை.) சர்க்கார் கிடங்கு ஒன்றில் அடுக்கியிருந்த சிமெண்டு மூட்டைகள், கூரை ஒழுகியதால் மழையில் நனைந்து கல்லாகிவிட்டன என்பது உண்மையா, உண்மையானால் எத்தனை மூட்டைகள், பொறுப்பாளிகள் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று, அ, ஆ, இ எனப் பிரித்து, எதிர்க்கட்சி அங்கத்தினர் ஒருவர் கேட்டிருந்தார். தந்தி கொடுத்து விசாரித்ததில் கிடங்கிலிருந்து வந்த தகவல் பளிச்சென்று இருந்தது. அந்த மூட்டைகளைச் சிப்பந்திகள் வாசற்படியாக உபயோகித்து வருகிறார்கள் என்பதுகூட அதில் கண்டிருந்தது.

நான் "அ: ஆம்" என்று எழுதி மேலே நகர்த்தினேன். எங்கள் செக்‌ஷன் ஆபீசர் கும்பகோணத்துக்காரர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "என்ன ஓய் இது, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லித் தீர்த்துவிட்டால் உபகேள்விக்கு என்னத்தைச் சொல்வதாக உத்தேசம்?" என்றார். அவர் கைபட்டதும் "ஆம்" என்பது, "சில மூட்டைகளை ஈரப்பதம் ஓரளவு பாதித்திருப்பதாகத் தெரியவருகிறது" என்று மலர்ந்தது. அண்டர் செக்ரெட்டரி "சில" என்பதை அடித்து "ஒருசில" என்று திருத்திவிட்டு, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். ஆனால் மேதாவிலாசம் என்றால் அது டெபுடி செக்ரெட்டரியினுடையதுதான். கௌரவ அங்கத்தினர் கேட்டிருப்பது மூட்டைகள் கல்லாகிவிட்டனவா என்பதை. கல் என்பது இயற்கைப் பொருள், சிமெண்டு செயற்கைப் பொருள், ஒன்று மற்றொன்றாவது சாஸ்திர ரீதியாக அசம்பாவிதம் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினார். ஜாயிண்ட் செக்ரெட்டரி அதைச் சிலாகித்தார். இரவு எட்டரை மணிக்கு, கண்ணாடித் தம்ளர்களில் நாலாவது சுற்றுத் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, பதில் முடிவான உருவத்தில் டைப்பாகி வந்தது: "அ: இல்லை, ஐயா. ஆ, இ: கேள்வி எழவில்லை."

உபகேள்விகளுக்கென்று தனியாக ஒரு கட்டு தயாரித்தோம். உலகத்தில் சிமெண்டு முதலில் எங்கே செய்யப்பட்டது என்பது உள்படச் சகல சங்கதிகளும் அதில் இருந்தன. சபையில் அங்கத்தினர் எழுந்து, "கல்லாகவில்லையென்றால் அந்த மூட்டைகள் இப்போது என்ன நிலையில் இருக்கின்றன?" என்று கேட்டார். கட்டில் அது மட்டும் இல்லை. உத்தியோகஸ்தர்கள் காலரியில் இருந்த எங்கள் அதிகாரிகள் துண்டுச் சீட்டு எழுதப் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, மந்திரி நிதானமாக எழுந்து, "கடினமான நிலையில் இருக்கின்றன" என்றார். சபை சிரித்தது, சபாநாயகர் அடுத்த கேள்வியை அழைத்தார். அன்று முதல் அந்த மந்திரியிடம் எனக்கு உண்டான மரியாதை இன்றுவரை குறையவில்லை.

எந்த வழியும் இல்லாதபோது, "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, சபையின் மேஜைமீது வைக்கப்படும்" என்பது பிரம்மாஸ்திரம். இதற்கும் ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். 1953-இல் லோக்சபையில் அரசாங்க வாக்குறுதிகள் கமிட்டி என்று ஒன்று ஏற்பட்டு, "கவனிக்கிறேன்", "ஆலோசனையில் இருக்கிறது", "விசாரித்துச் சொல்கிறேன்" போன்ற இன்னின்ன வாசகங்கள் வாக்குறுதியாகக் கொள்ளப்படும் என்று ஜாபிதா போட்டு, மூன்று மாதத்துக்குள் அவற்றை நிறைவேற்றவேண்டும் என்றும் திட்டம் செய்தார்கள். எங்கள் செக்‌ஷனில் அந்த ஜாபிதாவைச் சுவரில் ஒட்டிவைத்து எல்லோரும் மனப்பாடம் செய்தோம். வாக்குறுதிகளை நிறைவேற்றுவதற்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வாசகங்களைத் தவிர்த்து நகல் எழுதுவதற்குத்தான்.

உபகேள்வியின் அருமை வெள்ளைக்காரனுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1892-ஆம் வருஷத்துச் சட்டம் இந்தியக் கவுன்சில்களில் கேள்வி கேட்க அனுமதித்தது. உபகேள்விக்கு அனுமதி இல்லை. 1909-இல்தான், கேள்வி கேட்டவர் மட்டும் உபகேள்வி போடலாம் என்று கதவு கொஞ்சம் திறந்தது. பின்னால் தில்லி மத்திய சட்டசபையில் நம் சத்தியமூர்த்தி எழுந்து உபகேள்விமேல் உபகேள்வியாகத் தொடுத்தபோது, சர்க்கார் தரப்பு ஸர்கள் அந்தக் கதவைத் திறந்ததற்காக வருந்தியிருப்பார்கள்.

சுதந்திரம் வந்தபிறகும் அந்த அஸ்திரம் மழுங்கவில்லை. 1957-இல் சர்க்காருக்குச் சொந்தமான ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன், முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிகளில் 1.24 கோடி ரூபாய் போட்ட விவகாரத்தை லோக்சபையில் விடாப்பிடியாகக் கிளறியவர் பெரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சிக்காரர்கூட அல்ல. பிரதம மந்திரி நேருவின் மாப்பிள்ளை. மாமனார் ராஜ்யத்தில் மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு மேஜைமீது காகிதம் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. நீதிபதி சக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமாச் செய்தார். புத்தி கூர்மையில் அவருக்கு இணையான மந்திரிகள் அந்த மந்திரிசபையில் அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் பதில் தயாரிக்கிறவர்களுக்கு அந்த விவகாரம் பல வருஷங்கள் பாடமாக இருந்தது.

தில்லிக்குப் போகிறவர்கள் குதுப்மினாரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், தொகுதி அங்கத்தினரிடம் சொல்லிப் பார்வையாளர் காலரிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு, 11 மணிக்கு முன்பே போய் உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன். கேட்கிறவரையும் சொல்லுகிறவரையும் பார்த்தது போதும் என்று ஆனதும், உத்தியோகஸ்தர்கள் காலரியில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். 12 மணிக்குப் பிறகு எழுந்து வரலாம். அதற்குமேல் அங்கே பேசப்படுவதெல்லாம் அவரவர் சொந்தச் சரக்கு.